மூன்றாம் தூண்

முந்தின நாள் ராத்திரியே போன் வந்துவிட்டது,
பெங்களூரிலிருந்து, வீட்டுச் சொந்தக்காரர்.
துணிக்கொடியை அவிழ்த்துவிடுங்கள்.
நீல டிரம் யார் கண்ணிலும் படக்கூடாது.
வாஷிங் மெஷினை என்ன செய்ய என்று கேட்டேன்.
பழைய புடவை ஒன்றைப் போர்த்துங்கள் என்றார்.
போர்த்தினேன்.
கோபித்துக்கொண்டு உட்கார்ந்த சம்பந்தி போல
முற்றத்து மூலையில் அது.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு,
தைக் கடைசியில், வெயில் ஏறுவதற்குள்,
வாலாஜாபேட்டையின் பழைய வீடுகளைப் பார்க்க
இரண்டு வேன் நிறைய வருகிறார்கள்.
அச்சடித்த தாளில் எங்களுடையது ஏழாம் எண்,
'சரிகைக்காரர் மாளிகை.'
தபால்காரருக்கு அது நாலு மீட்டர் பெட்டி வீடு.
நாங்கள் மூன்றாவது மீட்டர்,
பத்தொன்பது வருஷமாக.

வாசலில் நாற்பது சோடிச் செருப்பு.
என் கணவர் ஒவ்வொன்றாகத் திருப்பி
அடியைப் பார்க்கிறார்.
'இது நம்ம கம்பெனி' என்கிறார் ஒரு இடத்தில்,
ராணிப்பேட்டையில் தைத்த கையை
வேட்டியில் துடைத்துக்கொண்டு.

பெனிட்டா என்று ஒரு பெண்,
வேலூர்க் கல்லூரியிலிருந்து, கழுத்தில் மைக்.
தேக்கு பர்மாவிலிருந்து வந்ததாம்.
சுவரில் பாலாற்று மணலும் முட்டை வெள்ளையுமாம்.
தொட்டுப் பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி.
எல்லோரும் தொட்டார்கள்.
ஐப்பசியில் அதே சுவர் வியர்த்து
அரிசி டப்பா வரை ஈரம் ஏறுவதை
நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

ஒரு அம்மாள் மட்டும் என்னருகே வந்து
காதோடு கேட்டாள், பாத்ரூம் எங்கே.
அவளுக்குப் பின்னால் பதினாலு பேர்.
இந்த வீட்டில் போன ஆனியில் கட்டிய ஒரே இடம்,
ரோஸ் டைல்ஸ், சீட்டு எடுத்த பணம்.
தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் மூன்றாம் தூண்.
பெனிட்டா நின்றாள், கூட்டமும் நின்றது.
'இந்தக் கோடுகளைக் கவனியுங்கள்.
துணி அளந்த கோடுகள்.
இங்கே நின்றுதான் வியாபாரிகள்
பட்டும் பருத்தியும் முழம் போட்டார்கள்.
மேலே போகப் போக நெருங்குகின்றன, பாருங்கள்.
ரயில் இந்த ஊரைத் தொடாமல் போயிற்று.
வியாபாரம் இளைத்தது.
இதோ, இந்தக் கோட்டோடு நின்றுவிட்டது.'
யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அந்தக் கடைசிக் கோடு
நீல ரெனால்ட்ஸ் பேனா.
எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று
சாருலதாவின் தலைமேல் ஸ்கேலை வைத்து
நான் கிழித்தது.
அடியில் இருப்பவை ஆணிக் கீறல்.
நடுவில் ஒன்று கோணல்,
அன்று அவள் குதிகாலைத் தூக்கி ஏமாற்றினாள்.
அடுத்த வருஷம் கூப்பிட்டேன்.
'என்னை அளக்காதே' என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.
ரயில் எல்லாம் இல்லை.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.
ஆனால் நாற்பது பேரும்
செல்போனைத் தூக்கிப் பிடித்து,
குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்கள்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
அவளை அத்தனை அக்கறையாய்ப் பார்த்ததில்லை.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போகும்போது தொன்னையில்
ஆளுக்கொரு ஆற்காடு மக்கன் பேடா.
எங்களுக்கும் இரண்டு.
வேன் திரும்பியதும் புடவையை உருவி
அதையும் சேர்த்துத் துவைக்கப் போட்டேன்.

ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்முன்
ஓசூரிலிருந்து சாரு பேசினாள்.
சொன்னேன்.
சிரித்தாள், இருமல் வரும் வரை சிரித்தாள்.
அப்புறம் கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்,
'அப்ப நான் எத்தனை முழம்மா?'

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
தூணடியில் மண்டியிட்டேன்.
முழங்கையை ஊன்றி
மேலே மேலே வைத்து எழுந்தேன்.
மூணு முழம்.
அதற்கு மேல் நாலு விரற்கடை.

'அவ்வளவுதானா' என்றாள்.

இருடி, என்றேன்.
இன்னொரு தரம் அளக்கிறேன்.